மெல்லிய லென்ஸா, தெளிவான லென்ஸா?

பவர் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும், கண்ணாடிக் கடையில் "1.67 போட்டுக்கோங்க, இன்னும் நல்லா வேணும்னா 1.74" என்பார்கள். அது தரவரிசை இல்லை, ஒளிவிலகல் எண். வெற்றிடத்தில் போவதைவிட அந்தப் பொருளுக்குள் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்ற கணக்கு. எண் கூடினால் சாய்ந்து நுழையும் ஒளி அதிகம் திரும்பும். அதனால் அதே பவருக்கு லென்ஸில் குறைந்த வளைவே போதும், விளிம்பும் மெலியும்.

எவ்வளவு மெலியும்? மைனஸ் 6, 50 மி.மீ. வட்ட லென்ஸ் என்று வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டால், சாதாரண பிளாஸ்டிக்கில் (1.50) விளிம்பு நடுப்பகுதியைவிட 3.75 மி.மீ. தடிக்கும். 1.67-இல் 2.8, 1.74-இல் 2.5. முதலில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மிச்சம், அடுத்ததில் கால் மில்லிமீட்டர் சொச்சம்தான். அந்தக் காலுக்கு அவ்வளவு காசு கொடுக்க எனக்கு மனம் வராது. பிரேமை 44 மி.மீ. ஆக்கிப் பாருங்கள், சாதாரண பிளாஸ்டிக்கே 2.9-க்கு இறங்கிவிடும்!

அப்புறம் நிறம் பிரியும் சங்கதி. எல்லா நிறமும் ஒரே அளவில் திரும்புவதில்லை, நீலம் சிவப்பைவிடக் கூடுதலாகத் திரும்பும். இதை அளப்பது அபே எண், குறைந்தால் மோசம். சாதாரண பிளாஸ்டிக் 58, 1.67 சுமார் 32, எளிதில் உடையாத பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட் 30. பவர் கூடுதலானவர்கள் தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் டியூப் லைட்டைப் பார்த்தால், அதன் ஒரு விளிம்பில் நீலமும் மறுவிளிம்பில் ஆரஞ்சும் தெரியும். பலருக்குச் சில நாளில் பழகிவிடும், சிலருக்குப் பழகவே பழகாது.

ஒளிவிலகல் எண் கூடினால் பிரதிபலிப்பும் கூடும். 1.50-இல் ஒவ்வொரு பரப்பிலும் 4 சதவீத ஒளி திரும்பிப் போகும், 1.74-இல் 7 சதவீதம். ஆகவே இங்கே பிரதிபலிப்பைக் குறைக்கும் ஏ.ஆர். கோட்டிங் ஆடம்பரம் இல்லை.

அசல் கண்ணாடி லென்ஸ் தெளிவிலும் கீறல் தாங்குவதிலும் கெட்டி, ஆனால் பிளாஸ்டிக்கைப்போல் இரு மடங்கு கனம், விழுந்தால் உடையும்.

மைனஸ் 3 வரை சாதாரண பிளாஸ்டிக் போதும். அதற்கு மேல் முதலில் சின்ன பிரேம், பிறகும் தடித்தால் 1.67. பிள்ளைகளுக்கு மட்டும் நிறப்பிரிகையைப் பார்க்காமல் பாலிகார்பனேட் வாங்குங்கள், பந்து பட்டாலும் எளிதில் நொறுங்காது.