ஷாகன், யாஷவ்: எபிரேயத்தில் இரண்டு வாசங்கள்

தமிழ் வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டில் 'வாசம்பண்ணுதல்' (குடியிருத்தல்) என்று வருகிற இடங்களில் எபிரேயத்தில் பெரும்பாலும் இருப்பவை 'ஷாகன்', 'யாஷவ்' என்ற இரண்டு வினைச்சொற்கள்.

யாஷவ் என்றால் முதலில் உட்காருவது, அப்புறம் குடியிருப்பது. யாழ்ப்பாணத்தில் "இருங்கோ" என்றால் உட்காரச் சொல்வதும்தானே, அது போல. கேருபீன்கள் என்ற சிறகுள்ள வானவர்கள்மேல் வீற்றிருக்கும் அரசராகக் கடவுளைக் காட்டுவதும் இதே சொல்தான்.

ஷாகன் வேறு மாதிரி: வந்து தங்குவது, கூட இருப்பது. பக்கத்து வீட்டுக்காரருக்கு 'ஷாகேன்' என்றே பெயர். வனாந்தரப் பயணத்தில் இஸ்ரவேலர் கடவுளை வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் பெயரான 'மிஷ்கான்' இதே வேரில் பிறந்தது. எண்ணாகமம் 9:22இல் கடவுள் கூட இருப்பதைக் காட்டும் மேகம் அந்தக் கூடாரத்தின்மேல் இரண்டு நாளோ, ஒரு மாதமோ, இன்னும் அதிகமாகவோ தங்கும். அது எழும்பினால் ஜனங்களும் கிளம்புவார்கள்.

1 இராஜாக்கள் 8:12-13இல் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. காரிருளில் தங்குவேன் என்று கர்த்தர் சொன்னதாக சாலொமோன் சொல்லும்போது ஷாகன். தான் கட்டிய எருசலேம் ஆலயத்தை நிலையான ஸ்தானம் என்று பேசும்போது யாஷவ். ஆலயம் கட்டும்போதே கடவுள் தந்த வாக்கு (6:13) ஷாகன்தான்: இஸ்ரவேலின் நடுவில்.

சங்கீதம் 132:14இல் கடவுளே சீயோனை, அதாவது எருசலேமை, குறித்து யாஷவ் என்கிறார். அதனால் ஒன்று கடவுள் சொல்வது, மற்றது மனிதர் சொல்வது என்று கோடு கிழிக்க முடியாது. ஆனாலும் என் மனம் சாய்வது ஷாகன் பக்கம். அதில் கட்டடத்தைவிட ஜனங்கள் முக்கியம்.