ஓ.பி.டி. டாங்கிள்: சராசரிக் கணக்கில் சொதப்பல், கியர் பாடத்தில் கெட்டி

ஸ்டியரிங்குக்குக் கீழே சர்வீஸ்காரர்கள் ஸ்கேனர் செருகும் 16 பின் ஓ.பி.டி. சாக்கெட் இருக்குமே, அதில் மாட்டும் சின்ன டப்பா இது. போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டால் வேகம், ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எஞ்சின் எத்தனை சுற்று), அந்த நொடி மைலேஜ் எல்லாம் தெரியும். என்னுடையது, எஞ்சின் கம்ப்யூட்டரோடு பேசும் ஈ.எல்.எம்.327 சிப்பின் நகல்களில் ஒன்று. வண்டி, ஐந்து கியர் பெட்ரோல் ஹேட்ச்பேக்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். ஆப் காட்டும் சராசரி, டேங்கை நிரப்பி ஓட்டி மறுபடி நிரப்பிப் போடும் கணக்கோடு ஒத்துப்போகவே இல்லை. காரணம், இது பெட்ரோலை அளப்பதே கிடையாது. எஞ்சின் இழுக்கும் காற்றைப் பார்த்து, 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று எடையில் கணக்கு போடுகிறது. டீசலில் அப்படி நிலையான விகிதம் இல்லாததால், மைலேஜ் பார்க்க மட்டும் என்றால் டீசல்காரர்கள் இதை வாங்க வேண்டாம்.

ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இது லாயக்கு. சமதளம், டாப் கியர், ஏசி இல்லை: 80 கி.மீ. வேகத்தில் லிட்டருக்கு 20 கி.மீ.யை ஒட்டி நின்றது. 100இல் 16. 120இல் 12ஐத் தாண்டவே முக்கியது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80க்கும் 100க்கும் நடுவில் மட்டும் 56 சதவீதம் கூடுகிறது. படித்ததுதான், ஆனால் நம்பர் கண்ணெதிரே சரியும்போது கால் தானாகத் தளர்கிறது.

கியர் விஷயம் இன்னும் சுவாரசியம். 60இல் நான்காவது கியரில் 2300 ஆர்.பி.எம்., ஐந்தாவதில் 1800. ஐந்தாவதில் மைலேஜ் நன்றாகவே கூடியது. எஞ்சின் சுற்று குறைந்தால் உள் உராய்வு குறையும். அதே வேலைக்கு, காற்றை உள்ளே விடும் த்ராட்டில் வால்வு கொஞ்சம் அதிகம் திறப்பதால் காற்றை உறிஞ்சும் சிரமமும் குறையும். அதற்காக 35இல் ஐந்தாவதைப் போட்டு மிதித்தால் வண்டி உதறும், எஞ்சினுக்கும் கேடு. மேட்டில் யோசிக்காமல் கியரைக் குறையுங்கள்.

இறக்கத்தில் நியூட்ரல் போடுவது என் மாமாவின் தீராத பழக்கம். நியூட்ரலில் மணிக்கு 0.8 லிட்டர் செலவு என்று காட்டினேன். கியரிலேயே விட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும், செலவு பூஜ்யம் என்றேன். ஆப் என்னவோ அங்கேயும் ஒரு செலவைக் காட்டியது! காற்றை வைத்துத்தானே அதன் கணக்கு. செட்டிங்கில் ஃபியூவல் கட் ஆப்ஷனை ஆன் செய்ததும் பூஜ்யம் வந்தது. "நீயே மாத்தி வச்சுட்டு நீயே காட்டுறியேடா" என்றார் மாமா. நியாயமான கேள்வி. ஃபியூவல் சிஸ்டம் ஸ்டேட்டஸ் என்ற தனி ரீடிங்கை எடுத்தேன். வேகம் குறைவதால் சப்ளை நிறுத்தம் என்று எஞ்சின் கம்ப்யூட்டரே சொன்னது. பிரேக் மிதிக்க வேண்டிய இறக்கமென்றால் கியர்தான் சரி, பிரேக்கும் சூடேறாது. மாமா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

வண்டியைப் பல நாள் நிறுத்துவதென்றால் கழற்றிவிடுங்கள், பேட்டரியை மெல்ல உறிஞ்சும். ஓட்டும்போது ஆப்பின் நம்பரைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் வாசிக்கட்டும். உங்கள் டாஷ்போர்டிலேயே நொடி மைலேஜ் வருகிறதென்றால் இதை வாங்கத் தேவையில்லை.