காளான் நொதித் தூள்: நீலத்துக்குச் சரி, கறுப்புக்கு?

ஆரையம்பதிக் கூட்டாளி ஒருவன் கேட்டான்: "மச்சான், அந்தத் தூள் விலை குறைஞ்சிருக்காம், எடுக்கலாமா?" அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

தூள் என்பது லாக்கேஸ். மரத்தை உக்க வைக்கும் காளான்கள் சுரக்கிற நொதி, ஜீன்ஸ் துணியின் நீலத்தை வெளிறச் செய்ய ஆலைகளில் பாவிப்பார்கள். நான் மருதமுனையில் சாரன் நூலுக்குச் சாயம் போடுகிறவன். கழிவுத் தண்ணீருக்குப் பாவிக்கிறேன். எங்களுடையது கடலோர மணல். கிடங்கில் ஊற்றியது கிடங்கோடு நிற்காது, பக்கத்துக் கிணற்றை எட்டிப் பார்க்கும்.

நீலத்தில் இது கெட்டிக்காரத் தூள். ரியாக்டிவ் புளூ 19 என்ற நீலச் சாயம் கலந்த அலசல் தண்ணீரில் இரவு போட்டால் காலையில் வாளியின் அடி தெரிகிறது. பெரொக்சைட்டு ஒன்றும் வேண்டாம்; காற்றிலுள்ள ஒட்சிசனே போதும். மீன் தொட்டிக்கு வைக்கிற சின்னப் பம்பை இரவு முழுக்க ஓட விடுகிறேன்.

இனி என் எரிச்சல். சாயம் நூலில் பிடிக்கச் சலவைச் சோடா போடுகிறோம், தண்ணீரின் பிஎச் (புளிப்பு-கார அளவு; 7 நடு, அதற்கு மேல் காரம்) 10, 11 வரை ஏறிவிடும். இந்த நொதிக்கோ 4, 5 அளவில் புளிப்பு வேண்டும். தேசிக்காய் பிழிந்து கட்டுப்படியாகுமா? சிட்ரிக் அமிலம்தான். அவசரப்பட்டு ஒரு கரண்டி கூடப் போட்டால் சோடா பொங்கி, நீல நுரை வாளி விளிம்பைத் தாண்டிக் காலில் வழியும். சரி, மெதுவாகப் போடலாம். எங்கே நிறுத்துவது? பிஎச் தாளை நீலத் தண்ணீரில் தோய்த்தால் தாளும் நீலமாகிறது. அது காரத்தின் நீலமா, சாயத்தின் நீலமா என்று எவன் சொல்வான்! கடைசியில் பிஎச் பார்க்கும் மின்மானி ஒன்று வாங்க வேண்டியதாயிற்று. தூளின் விலையைப் பேசுகிறவர்கள் அந்தக் காசையும் அமிலத்தின் காசையும் சேர்த்துப் பேச வேண்டும்.

விற்றவர் "எல்லாச் சாயத்துக்கும் கேட்கும்" என்றார். கறுப்புக்குக் கேட்கவில்லை. ரியாக்டிவ் பிளாக் 5 என்ற அந்தக் கறுப்பு அசோச் சாயம், அதாவது இரட்டை நைதரசன் பிணைப்பு உள்ள வகை. லாக்கேஸ் தனியே அதை எளிதில் உடைக்காது, மத்தியஸ்தம் செய்ய இன்னொரு இரசாயனம் வேண்டும். அதற்கு வேறு காசு. சாயத் தொட்டியின் முதல் தண்ணீரையும் மறந்துவிடுங்கள். சாயம் ஏற நாங்கள் அதில் போடும் உப்பின் குளோரைட்டே நொதியை மடக்கிவிடும். இரண்டாம், மூன்றாம் அலசலில்தான் இது ஒழுங்காக வேலை செய்கிறது.

இன்னொன்று, நிறம் போனதும் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று வாழைக்கு ஊற்றிவிடாதீர்கள். உப்பு அப்படியேதான் இருக்கும். உடைந்த சாயத்தின் துண்டுகளும் எங்கேயும் போய்விடவில்லை. பக்கத்து வீட்டு மாமி நிறம் தெரியாததால் இப்போது ஏசுவதில்லை, அவ்வளவுதான்.

கூட்டாளிக்கு என் பதில்: எடுக்காதே. உன் தறியில் ஓடுவது பெரும்பாலும் கறுப்பு. காசு தண்ணீரோடு போகும். நானோ விலை குறைந்ததும் இன்னும் இரண்டு பைக்கட் எடுத்துவிட்டேன். திட்டிக்கொண்டேதான் எடுத்தேன். பெருநாளுக்கு நீலச் சாரன் ஓடர் நிறைய இருக்கிறது.