62 வீட்டுப் பணம் 46,500 ரூபாய் போச்சு: ஊர் வழக்குக்கு ஆப்பில் வக்கீல் பிடிக்கிறவர்கள் இதைப் படியுங்கள்

முந்தாநாள்தான் சென்னையிலிருந்து திரும்பினேன். இன்னும் சரியாகத் தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 46,500 ரூபாய். 62 வீட்டுப் பணம், வீட்டுக்கு 750.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காடு. உளுந்து, பாசி, மக்காச்சோளம். ஊருக்கு ஒரே கண்மாய், அதற்கு ஒரே வரத்து ஓடை. போன தை மாதம், ஓடைக்கு இரண்டு பக்கமும் பட்டா நிலம் வாங்கியிருந்த ஒரு சோலார் கம்பெனி, ஜேசிபியை விட்டு ஓடையையும் சேர்த்துத் தூர்த்து மட்டமாக்கிவிட்டது. வருவாய்த் துறையின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்று தெளிவாக இருக்கிறது. சோலாருக்கு நாங்கள் எதிரி இல்லை. எங்கள் ஊர் ஆட்களே அங்கே பேனல் கழுவப் போகிறார்கள். ஆனால் அனல் மின் நிலையம் என்றால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், சோலாருக்கு அது கிடையாது. சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவையில்லை, மாசு வகைப்பாட்டில் அது வெள்ளை வகை, அதாவது மாசு மிகக் குறைவு என்ற கணக்கு. அதனால் வண்டி வந்து மண்ணைத் தள்ளுகிற அன்றைக்குத்தான் ஊருக்கே விஷயம் தெரிகிறது. கொடுக்க வேண்டிய இடங்களில் எல்லாம் மனு கொடுத்தோம். ஒன்றும் நகரவில்லை.

மாசியில் முகநூலில் ஒரு சட்ட உதவி ஆப்பின் விளம்பரம் வந்தது. நீர்நிலை, மாசு, சோலார், காற்றாலை என்று கிராமத்துப் பிரச்சினைகளுக்காகவே நடத்துகிறார்களாம். பேர் போடவில்லை, வீண் வம்பு வேண்டாம். வீடியோ காலில் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் வந்தார். நான் ஓடை என்று ஆரம்பித்ததுமே நிறுத்தி, "அண்ணாச்சி, உங்க கண்மாய்க்கு எத்தனை மடை? கலுங்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

அந்த இடத்தில்தான் விழுந்தோம். அதுவரை நாங்கள் போய் நின்ற எந்த மேசையிலும் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. பக்கத்தில் இருந்த என் சித்தப்பா, முப்பது வருஷம் அந்த மடையைத் திறந்து அடைத்தவர், ஃபோனைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் பேசினார். அந்த ஆள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். வைத்ததும் சித்தப்பா சொன்னார்: "நம்ம வெவரம் தெரிஞ்சவருடா. குடுத்துருவோம்."

அன்று ராத்திரியே நோட்டுப் போட்டு வசூல் ஆரம்பித்தேன். ஒரு வீட்டுக்காரர்கள் 400 கொடுத்துவிட்டு, மிச்சம் 350 சந்தை கழிந்து தந்தார்கள். அந்த நோட்டு இப்போது என் முன்னால்தான் கிடக்கிறது. வழக்குப் போடப் போவதாகச் சொன்ன பசுமைத் தீர்ப்பாயத்துக்கு (சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தேசியத் தீர்ப்பாயம்) கட்டணம் 15,000, வக்கீல் ஃபீஸ் 25,000, ஆவணச் செலவு 6,500. ஜிபேயில் மொத்தமாக அனுப்பினேன். எழுத்து எதுவும் நிரப்பாத வக்காலத்தில் (நமக்காக வாதாட வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் தாள்) 62 பேரின் கையெழுத்தும், கேட்டார்கள் என்று நாலு வெள்ளைத் தாளிலும் வாங்கிக் கூரியரில் போட்டேன்.

பங்குனியில் 'டிராஃப்ட்' என்று இங்கிலீஷில் 11 பக்கம் வந்தது. சித்திரையில் கேட்டால் "ஃபைல் ஸ்க்ரூட்டினில இருக்கு." வைகாசியில் "கோர்ட் லீவு." ஆனியில் "சார் ஹியரிங்ல இருக்காரு." ஆடியில் அவர்களே கூப்பிட்டார்கள்: நிபுணர் அறிக்கைக்கு இன்னும் 18,000 கட்டினால்தான் வழக்குக்கு நம்பர் விழுமாம். முடியாது என்றோம். அதற்கப்புறம் ஆப்பில் என்ன எழுதினாலும் 'உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது' என்ற ஒரே வரி. கோட்டுக்காரர் நம்பர் அணைந்துவிட்டது. கடைசியாக ஒரு பெண் எடுத்து, "நீங்க வாங்கின சர்வீஸ் டிராஃப்ட் மட்டும்தான் சார், அது டெலிவரி ஆயிடுச்சு, ரீஃபண்ட் கிடையாது" என்று சொல்லி வைத்துவிட்டாள். 46,500 ரூபாய்க்கு அதுதான் பதில்.

சரி, நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினேன். வழியில் அவள் அந்த டிராஃப்டை ஃபோனில் படித்துக்கொண்டே வந்தவள், ஆறாம் பக்கத்தில் நின்றுவிட்டாள். "மாமா, நம்ம ஊர்ல கல்குவாரி இருக்கா?" வெடி வைத்ததில் வீடுகளில் விரிசல் என்று எழுதியிருக்கிறதாம். வேறு எந்த ஊர் மனுவிலோ எங்கள் ஊர்ப் பேரை ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு இங்கிலீஷ் ஓடாது. ஆறேழு மாதமாக அதைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சேப்பாக்கம் கலச மகாலில் இருக்கிறது. அங்கே என் பேர், ஊர்ப் பேர், கம்பெனிப் பேர் எல்லாம் போட்டுத் தேடினார்கள். அப்படி ஒரு மனுவே தாக்கல் ஆகவில்லை.

வேறு வழக்குக்காக வந்திருந்த ஒரு வக்கீலம்மா எங்களை உட்காரவைத்துப் பத்து நிமிஷம் விளக்கினார். நஷ்டஈடு கேட்காத மனுவுக்குத் தீர்ப்பாயக் கட்டணம் 1,000 ரூபாய். எங்களிடம் வாங்கியது 15,000. வக்கீல் இல்லாமல் நாமே ஆஜராகவும் இடம் உண்டு. 2010 பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் பிரிவு 14-ன் கீழ் மனு என்றால் சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலே 60 நாள், அவ்வளவுதான். தையில் தூர்த்த ஓடை. ஆடியோடு ஆறு மாதம், புரட்டாசியோடு அந்த 60 நாளும் போச்சு. "ஃபைல் இருக்கு, ஃபைல் இருக்கு" என்று அவர்கள் இழுத்தது இந்த நாட்களைத்தான். பணத்தைவிட அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். சுற்றுச்சூழலை மீட்டுத் தரக் கேட்கும் பிரிவு 15-க்கு ஐந்து வருஷம் உண்டு, அந்த வழியைப் பாருங்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார்: பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைக்கும். எங்கள் 62 கையெழுத்தில் 27 பெண்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. அவசரத்துக்கு இது மட்டும். முதலில் இலவச சட்ட உதவி எண் 15100-க்குக் கூப்பிடுங்கள். நடந்த தேதியை எழுதி வைத்து, ஆறு மாதத்தை நீங்களே எண்ணுங்கள். பணம் கொடுத்த பிறகு தாக்கல் எண் கேளுங்கள், அதைத் தீர்ப்பாயத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். இங்கிலீஷ் மனுவை யாரையாவது வைத்துத் தமிழில் படிக்கக் கேட்காமல் விடாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930. நான் நேற்றுத்தான் சொன்னேன், ரொம்பத் தாமதம்.

வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் போடவே போடாதீர்கள். எங்கள் ஊர் 62 பேர் கையெழுத்து போட்ட அந்த நாலு தாள் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.