மறுகூட்டல் போதும் என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

பருவத் தேர்வு முடிவுகள் வெளியாகும் இவ்வேளையில், எனக்கு நேர்ந்தது வேறு எந்த மாணவருக்கும் நேரக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நன்றாக எழுதியிருந்த கணிதத் தாளில் தேர்ச்சிக்கு 4 மதிப்பெண் குறைந்திருந்தது. விடைத்தாள் நகல் கோரிக் கல்லூரி அலுவலகத்துக்குச் சென்றபோது, தேர்வுப் பணிகளைக் கவனிக்கும் ஊழியர், "நகலெல்லாம் வீண் செலவும்மா. ரீடோட்டலிங் போடு, மார்க் வந்துரும்" என்று சொல்லிப் படிவத்தில் தாமே குறியிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார். நகல் பெற்றவர்கள் மட்டுமே மறுமதிப்பீடு, அதாவது விடைகளை மீண்டும் திருத்துவதை, கோரலாம் என்ற விதியையோ, அதற்கான கடைசி நாள் அந்த வாரமே முடிகிறது என்பதையோ அவர் சொல்லவில்லை. ரசீதும் தரவில்லை.

மறுகூட்டலில் "மாற்றம் இல்லை" என்றே வந்தது. திருத்தியவர் போட்டிருக்கும் மதிப்பெண்களை மீண்டும் கூட்டிப் பார்ப்பார்களே தவிர, ஒரு விடைக்கு அவர் போட்டது நியாயமா என்பதை மறுகூட்டலில் யாரும் ஆராய்வதில்லை.

பின்னர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்து நகலைப் பெற்றேன். மதிப்பெண் குறைந்திருந்தது, மூன்று மாறிகள் கொண்ட சமன்பாடுகளைத் தீர்க்கச் சொல்லும் 16 மதிப்பெண் வினாவில். எந்த முறையில் என்று வினாவில் குறிப்பிடவில்லை. நான் காஸ்ஸியன் நீக்கல் முறையில் தீர்த்து, கிடைத்த மதிப்புகளைச் சமன்பாடுகளில் பிரதியிட்டுச் சரிபார்த்தும் காட்டியிருந்தேன். முழுப் பக்கத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, ஓரத்தில் 3. விடைக்குறிப்பில் கிராமரின் விதி என்ற வேறொரு முறை மட்டுமே இருந்திருக்க வேண்டும் என்பது எங்கள் பேராசிரியரின் கணிப்பு. விடை சரியென்று அவரே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தும், காலக்கெடு முடிந்துவிட்டது என்று பல்கலைக்கழகத்தில் மறுத்துவிட்டார்கள். அந்தத் தாளை நான் மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது.

தன் விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் மாணவருக்கு உரிமை உண்டு என்று 2011 ஆகஸ்டில் சி.பி.எஸ்.இ. தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் மறுமதிப்பீட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கோர முடியாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. எனவே தேர்வு விதிகள் தரும் அந்தச் சில நாட்களை இழந்தால், கையில் நகல் இருந்தும் பயனில்லை.

இதற்கிடையே, "ஆள் இருக்கிறார், பணம் கொடுத்தால் மதிப்பெண் ஏறும்" என்று ஒருவர் அணுகினார். நான் இணங்கவில்லை. அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டில் பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண்ணை உயர்த்தியதாக 2018இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்ததை நினைவில் வையுங்கள். அத்தகையோரிடம் கொடுக்கும் பணம் திரும்ப வராது என்பதோடு, நியாயமாகப் போராடும் மாணவர்கள் மீதும் அது சந்தேகத்தை வரவழைக்கிறது.

முடிவு வந்த அன்றே பல்கலைக்கழகத்தின் அறிவிப்பை நீங்களே முழுமையாகப் படியுங்கள். முதலில் நகலுக்கு விண்ணப்பித்து, அது கிடைத்தவுடன் அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டி, எந்த வினாவில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எழுதி வாங்கிய பின் மறுமதிப்பீடு கோருங்கள். படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். ரசீது இல்லாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.