பொங்கல் அட்டைக்கு ஸ்டாம்ப், மை வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் இன்ஸ்டாகிராமில் ரப்பர் ஸ்டாம்ப் விற்கிற பக்கங்கள் காளான் மாதிரி முளைக்கும். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரமும் மணியும், அது முடிந்த கையோடு பொங்கலுக்குப் பானையும் கரும்பும். அப்படி ஒரு பக்கத்தில் பணம் கட்டி நான் வாங்கிய பொருட்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கடையின் பெயரை எழுதப் போவதில்லை, ஏனென்றால் பெயரை வைத்து நீங்கள் தப்பிக்க முடியாது. ஏன் என்பது கடைசியில் புரியும்.

ஒரு காலத்தில் பொங்கல் வாழ்த்து அட்டை என்றால் பிளாட்பாரக் கடையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், உழவரும் மாடும் ஒரு பக்கம், நடிகர்கள் படம் போட்டது இன்னொரு பக்கம். இப்போது அந்தக் கடைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் வீட்டிலேயே செய்கிறவர்கள் கூடியிருக்கிறோம். நான் செய்வது எளிமையான அட்டைதான்: ஏ5 அளவில் 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) கனத் தாள், நடுவில் மடித்தால் ஏ6, முன்பக்கம் ஸ்டாம்ப் குத்திய படம், உள்ளே கையெழுத்தில் நாலு வரி.

வாங்கியது இவை. தமிழில் ‘இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்’ என்று ஆர்டர் கொடுத்துச் செய்யும் ஸ்டாம்ப் ஒன்று. பானை, கரும்பு, மாட்டுத்தலை, கோலம் கொண்ட கிளியர் ஸ்டாம்ப் (ஒளி ஊடுருவும் ஸ்டாம்ப்) செட். ‘ஒரிஜினல் பிக்மென்ட்’ என்று எழுதியிருந்த கறுப்பு, அரக்கு நிற இங்க் பேட் இரண்டு. மை மேல் தூவிச் சூடு காட்டினால் உருகிப் புடைத்து நிற்கும் தங்க நிற எம்பாசிங் பவுடர் ஒரு டப்பா. எல்லாம் சேர்த்து 2,850 ரூபாய், முழுப்பணமும் முன்கூட்டியே யூபிஐயில். கடைப் பெயருக்கும் பணம் போகிற கணக்கில் வந்த பெயருக்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் தமிழ் ஸ்டாம்பைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் வயிற்றெரிச்சல். ஆர்டர் கொடுத்ததும் மரக்கட்டை மேல் வரிகள் அழகாக அமர்ந்திருக்கிற மாதிரி ஒரு படம் அனுப்பினார்கள், எழுத்தெல்லாம் சரியாக இருந்தது, சரி என்று சொன்னேன். வந்த ஸ்டாம்பைக் குத்திப் பார்த்தால் ‘பொங்கல்’ என்பதில் கொம்பு பகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறது, அதற்கப்புறம் கால். ‘வாழ்த்து’வில் இருக்கிற ‘து’ உடைந்து, தகரம் ஒரு பக்கம், உகரக் குறி ஒரு பக்கம். தமிழைப் பார்த்தே பழகாத ஒருவர் செய்த வேலை என்று பளிச்சென்று தெரிகிறது.

இது எப்படி நடக்கிறது என்றால், படம் காட்டுவது போன் ஆப்பில், அதில் யூனிகோட் தமிழ் ஒழுங்காகத் தெரியும். ரப்பரில் வெட்டுவதற்கான கோப்பைச் செய்வது வேறு மென்பொருளில், பெரும்பாலும் பழைய பதிப்பில். இந்திய எழுத்துகளைக் கோர்க்கும் வசதி அதில் இல்லை என்றால், ஒட்டிய உடனே கொம்பும் காலும் சிதறிவிடும். தமிழ் தெரிந்தவர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். இவர்களிடம் தமிழ் தெரிந்தவரே இல்லை, ஆனால் பக்கத்தில் ‘எல்லா மொழிகளிலும் செய்து தரப்படும்’ என்று போட்டிருக்கிறார்கள்! ஆகவே, தமிழ் ஸ்டாம்ப் யாரிடம் கொடுத்தாலும் வரியை வாட்ஸ்அப்பில் டைப் செய்து அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். ஃபாண்ட் இல்லாமலே எழுத்து உடையாமல் தெரியும்படி, எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிய பிடிஎஃப் ஆகவோ, பெரிய அளவுப் படமாகவோ அனுப்புங்கள். அவர்கள் திருப்பிக் காட்ட வேண்டியது கட்டை மேல் வரி இருக்கிற அலங்காரப் படத்தை அல்ல, வெட்டப் போகிற கோப்பையே, இடம் வலமாகத் திருப்பியிருக்கிற அந்தக் கோப்பைத்தான். தருவதற்கு யோசித்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கிளியர் ஸ்டாம்ப் செட்டை ‘போட்டோபாலிமர்’, அதாவது யுவி வெளிச்சத்தில் இறுகும் பாலிமர், என்று சொல்லித்தான் விற்றார்கள். நல்ல போட்டோபாலிமர் மை தொட்டதும் சீராகப் பிடித்துக்கொள்ளும். புதிதாக இருக்கும்போது மேலே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கலாம், பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்தால் போய்விடும். இதைத் தேய்த்தும் பார்த்தாயிற்று, சோப்பு போட்டுக் கழுவியும் பார்த்தாயிற்று, சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் நிற்பது போல மை முத்து முத்தாக ஒதுங்கித்தான் நிற்கிறது. கோடுகளும் தடித்துப் போயிருக்கின்றன, கோலத்தின் புள்ளிகள் பாதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மாட்டுத்தலையைப் பார்த்து என் அண்ணன் மகள் “அத்தை, இது வௌவாலா?” என்று கேட்டாள். யாரோ கஷ்டப்பட்டு வரைந்து வெளியிட்ட ஸ்டாம்பிலிருந்து அச்செடுத்து ஊற்றிய நகலாக இருக்கும் என்பது என் சந்தேகம். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

இனி மை. ஏமாற்று வேலையில் கெட்டிக்காரத்தனமான பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அட்டை வேலைக்குப் பெரும்பாலும் இரண்டு வகை மை. டை இங்க், அதாவது சாய மை, தாளுக்குள் ஊறிப் போகும், சீக்கிரம் காயும், ஆனால் வெயிலில் நாளடைவில் வெளுக்கும், பெரும்பாலானவை தண்ணீர் பட்டால் கலங்கும். பிக்மென்ட் மை என்பது நிறமித் துகள்கள், தாளின் மேலேயே உட்காரும், மெதுவாகக் காயும், நிறம் நீண்ட நாள் நிற்கும். மெதுவாகக் காய்வதால்தான் அதன் மேல் எம்பாசிங் பவுடரைத் தூவினால் ஒட்டிக்கொள்ளும். ஜப்பானின் சுகினேகோ நிறுவனத்தை எடுத்துக்கொண்டால், வெர்சாஃபைன் பிக்மென்ட் வகை, மெமெண்டோ சாய வகை, ஸ்டேஸ்ஆன் கண்ணாடி, பிளாஸ்டிக் மாதிரி ஊறாத பரப்புகளுக்கான கரைப்பான் மை. ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு, விலையும் வேறு.

எனக்கு வந்த டப்பா பார்க்க அந்தத் தரத்தில்தான் இருந்தது, மூடி, லேபிள் எல்லாம் சுத்தம். ஆனால் கம்பெனி பெயர் இல்லை, தயாரித்த நாடு இல்லை, எம்ஆர்பி இல்லை. திறந்ததும் ஆபீஸ் ஸ்டாம்ப் பேடின் வாசனை. தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், பேங்க் என்று நாம் வாழ்நாள் முழுக்க முகர்ந்த அதே வாசனை. குத்தினால் முதல் பார்வைக்குக் கறுப்பு, மறுநாள் காலை விரல் வைத்தால் விரலோடு வருகிறது. ஓரங்களில் நூல் நூலாகக் கசிவு, தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் எண்ணெய்க் கறை மாதிரி ஒரு நிழல்.

இதைக் கேட்டதற்கு வந்த பதில்தான் கவனிக்க வேண்டியது. “அக்கா, அது பிக்மென்ட் மைக்கா, லேட்டாதான் காயும், கூகுள்ல பாருங்க.” பாதி உண்மை இது, அதனால்தான் பலர் இந்த இடத்தில் வாயடைத்துப் போகிறார்கள். பிக்மென்ட் மை மெதுவாகக் காயும் என்பது சரி, பூச்சு பூசிய பளபளப்புத் தாளில் காயவே காயாது என்பதும் சரி. ஆனால் நான் குத்தியது பூச்சு இல்லாத தாளில். தவிர, சாயமா நிறமியா என்பதை ஒரு சொட்டுத் தண்ணீரே சொல்லிவிடும். ஸ்டாம்ப் குத்திய தாளை ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு, கோட்டின் மேல் ஒரு சொட்டு விடுங்கள். நல்ல பிக்மென்ட் மை இருந்த இடத்தில் இருக்கும், மிஞ்சிப் போனால் ஓரம் லேசாக மங்கும். எனக்கு வந்த கறுப்பு, சொட்டைச் சுற்றி ஊதா வளையமாகவும் அதற்கு வெளியே நீல வளையமாகவும் பிரிந்து ஓடியது. பல சாயங்களைக் கலந்து செய்த கறுப்பு தண்ணீரில் இப்படித்தான் பிரியும். நிறமித் துகள் அப்படிப் பிரிந்து ஓடாது. அரக்கு நிறமும் இதே கதைதான், ரோஸ் கலரில் முடிந்தது. லிட்டர் கணக்கில் விற்கிற சீல் மையை அழகான டப்பாவின் பஞ்சில் ஊற்றி, ஒன்று 450 ரூபாய் என்று விற்றிருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

எம்பாசிங் பவுடரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உண்மையான பவுடர் ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) சூட்டில் உருகி, புடைத்த பளபளப்பான கோடாக மாறும், கண்ணெதிரே மாறுவதைப் பார்க்கலாம். இது உருகவே இல்லை. தாள் பழுப்பேறிக் கருகிய நாற்றம் வந்ததுதான் மிச்சம், தங்கத்தூள் மேஜை முழுக்கப் பறந்தது. வெறும் கிளிட்டர். அது எங்கள் வீட்டுத் தரையில் இன்னும் மின்னிக்கொண்டிருக்கிறது, அந்த வகையில் நீடித்து உழைக்கும் சரக்குதான்.

புகைப்படங்கள், தண்ணீர்ச் சொட்டு வீடியோ எல்லாம் அனுப்பினேன். முதலில் பார்சலைப் பிரித்த வீடியோ கேட்டார்கள், அதுவும் இருந்தது, அனுப்பினேன். அப்புறம் ‘கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்றார்கள். எழுத்து உடைந்ததற்கு நான் அனுப்பிய ஃபாண்ட் சரியில்லை என்றார்கள், நான் ஃபாண்டே அனுப்பவில்லை. இங்க் பேட் கஸ்டம் ஆர்டர் இல்லையே என்று கேட்டதும் பதில் நின்றது. இரண்டு நீல டிக் மட்டும்.

இந்த ‘ரிட்டர்ன் கிடையாது’ என்கிற வரிக்குப் பயந்து பலர் விட்டுவிடுகிறார்கள், விட வேண்டியதில்லை. 2020இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, தொழிலாகவே ஆன்லைனில் விற்கிறவர், பொருள் பழுதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமலோ இருந்தால் திரும்ப எடுக்கவும் பணத்தைத் தரவும் மறுக்க முடியாது. பக்கத்தில் அவர்களாகவே எழுதி வைக்கிற வரி அந்த விதியைத் தள்ளிவிடாது. புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதில் தமிழிலும் பேசலாம். நானும் அதில் பதிவு செய்திருக்கிறேன். ஆனால் அது நீதிமன்றம் அல்ல, இரு தரப்பையும் பேச வைக்கும் ஏற்பாடு, முகவரியே போடாத கடையை யாரைப் பிடித்துப் பேச வைப்பது என்பதில்தான் இழுக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்றாலும், அங்கேயும் எதிர்த்தரப்பின் பெயர், முகவரி வேண்டும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் முழு முகவரியைக் கேளுங்கள், ஜிஎஸ்டி எண் இருந்தால் அதையும் கேளுங்கள். யூபிஐயில் ஒரு தனி ஆளின் கணக்குக்கு அனுப்பிய பணத்தை, சரக்கு மட்டம் என்று சொல்லி பேங்க் மூலம் திரும்ப வாங்குவது நடக்கிற காரியம் இல்லை, ‘விற்றவரிடம் பேசுங்கள்’ என்றுதான் எனக்கும் சொன்னார்கள். பார்சலை வாங்கிக்கொண்டு பணம் தருகிற வழி இருந்தால் அதுவே மேல்.

பொங்கல் நெருங்கிவிட்டதால் கடைசியில் எங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சீல் செய்கிற ஒரு அண்ணனிடம் போனேன். கவுன்சிலர் சீல், டாக்டர் சீல் செய்கிற சின்னக் கடை. வரியைப் பார்த்ததும் கம்ப்யூட்டரில் அவரே தட்டி, பிரிண்ட் எடுத்து, “எழுத்து சரியா இருக்கான்னு ஒருவாட்டி படிச்சுக்கோம்மா” என்று கையில் கொடுத்தார். அப்புறம் நெகட்டிவ் எடுத்து, திரவ பாலிமரை ஊற்றி, யுவி வெளிச்சம் காட்டி, கழுவி, கட்டையில் ஒட்டிக் கொடுத்துவிட்டார். 220 ரூபாய். இன்ஸ்டாகிராம் கடையில் இதே வரிக்கு வாங்கியது 900. கோலம் மாதிரி நுணுக்கமான படங்களுக்கு அவருடைய வேலை போதாது, அதை அவரே சொல்லிவிட்டார். எழுத்துக்கு அது தாராளம்.

மைக்கு, பெயர் தெரிந்த கம்பெனியின் சின்ன பேட் ஒன்றைக் கைவினைப் பொருள் கடையில் பெட்டியோடு, லேபிளைப் படித்துப் பார்த்து வாங்கினேன். விலை அதிகம்தான். தண்ணீர்ச் சொட்டு வைத்தேன், கோடு அசையவில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, 1915இல் புகார் பதிவான பிறகு ஒரு புது எண்ணிலிருந்து பாதிப் பணம் தருவதாகச் செய்தி வந்தது, இன்ஸ்டாகிராமில் நான் போட்ட படங்களை முதலில் நீக்க வேண்டுமாம். முழுப்பணம் வந்த பிறகு நீக்குகிறேன் என்றேன், அதோடு பேச்சு இல்லை. கொஞ்ச நாளில் அந்தக் கடையின் பக்கமே காணாமல் போயிற்று. இப்போது வேறு பெயரில் ஒரு பக்கம் கல்யாண அழைப்பிதழுக்கும் காது குத்துக்கும் ஸ்டாம்ப் என்று விளம்பரம் செய்கிறது. எனக்கு அனுப்பிய அதே மரக்கட்டைப் படம், மூலையில் அதே விரிசல், வரி மட்டும் வேறு. அந்தப் பக்கத்தின் படங்களையும் சேர்த்துப் புகாரில் இணைத்திருக்கிறேன்.