ஏற்றத்துக்கு ஹெலிகாப்டரா, இறக்கத்துக்கா? மலர்ப் பள்ளத்தாக்குக்குக் கிளம்பும் ராமநாதபுரக் கரைக் குழுக்களுக்கு

உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்குக்கு நண்பர்களாகச் சேர்ந்து போகத் திட்டமிடும்போது குழுவுக்குள் முதலில் எழும் வாக்குவாதம் பள்ளத்தாக்குக்குக் கீழே தங்கும் ஊரான காங்கரியாவரை பறப்பதா, நடப்பதா என்பதுதான். ஏறும்போது பறந்துவிட்டுத் தெம்போடு மலையில் நடக்கலாம், இறக்கம் சுலபம்தானே என்று பலர் முடிவெடுக்கிறார்கள். மண்டபம், கீழக்கரை, ராமநாதபுரம் என்று கடல் மட்டத்திலேயே வாழ்ந்து பழகிய உடம்புக்கு இதை அப்படியே புரட்டிப் போட வேண்டும்: ஏறும்போது நடை, இறங்கும்போது ஹெலிகாப்டர்.

பயணம் தொடங்கும் கோவிந்த்காட் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து புல்னா கிராமம்வரை 4 கிலோமீட்டருக்கு ஷேர் ஜீப் ஓடும். அதற்கு மேல் காங்கரியாவுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் நடை. காங்கரியா 3,049 மீட்டர். நடந்தால் 5 முதல் 7 மணி நேரம். ஹெலிகாப்டரில் பத்து நிமிடம்கூட ஆகாது. சிக்கலே இந்த வேகத்தில்தான் இருக்கிறது.

3,000 மீட்டரில் காற்றழுத்தம் நம் கரையில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம். 2,500 மீட்டரைத் தாண்டி விரைவாக ஏறும் எவருக்கும் மலை நோய் வரலாம். போய்ச் சேர்ந்த உடனே ஒன்றும் தெரியாது. 6 முதல் 12 மணி நேரம் கழித்துத் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கம் கெடுவது என்று தொடங்கும். பகலில் பறந்து இறங்கியவர் மாலைவரை உற்சாகமாகச் சுற்றிவிட்டு இரவில் படுத்துக்கொள்வது இதனால்தான். கடலில் தம் பிடித்து முக்குளிக்கும் நெஞ்சுரம் இதற்குக் காப்பு ஆகாது. நல்ல உடற்கட்டு உள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்கே முதலில் வருவதும் உண்டு. நடந்து ஏறினால் அந்த அரை நாளில் மூச்சின் வேகம் கூடி, உடம்பு பழகத் தொடங்கிவிடும். முழுப் பழக்கம் வர நாட்கள் வேண்டும் என்றாலும் இந்தத் தொடக்கமே பெரிய உதவி.

ஏற்கெனவே பறக்க முடிவு செய்துவிட்டவர்கள் முந்தைய இரவை, கோவிந்த்காட்டுக்குச் சற்று முன்பே வரும் ஜோஷிமட்டிலாவது கழியுங்கள். காங்கரியாவில் இறங்கிய நாளில் எங்கும் ஏறாதீர்கள். மறுநாள் பள்ளத்தாக்கு, அதற்கடுத்த நாள் காங்கரியாவுக்கு மேலே உள்ள சீக்கியத் தலமான ஹேம்குண்ட் சாகிப் என்ற வரிசையை மாற்றவும் கூடாது. பள்ளத்தாக்கின் நடை பெரும்பாலும் 3,600 மீட்டருக்குள் முடிந்துவிடும். ஹேம்குண்ட் 4,300 மீட்டரை ஒட்டியது. 6 கிலோமீட்டரில் 1,100 மீட்டருக்கு மேல் செங்குத்தாக ஏற வேண்டும். மலை நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையை ஏற்றத்துக்கு முந்தைய நாளே தொடங்குவது வழக்கம். ஆனால் சல்பா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பதால் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ எந்த மாத்திரைக்கும் காத்திராமல் அந்த நிமிடமே கீழே இறக்குங்கள்.

இறக்கத்தில் ஹெலிகாப்டர் எடுப்பதற்கு முழங்கால்தான் காரணம். ஹேம்குண்டிலிருந்து ஒரே நாளில் 1,100 மீட்டர் இறங்கிய தொடைத்தசை, மறுநாள் புல்னாவரை இன்னும் ஆயிரம் மீட்டர் இறங்க வேண்டும். ஏறும்போது சுருங்கி வேலை செய்யும் தசை, இறங்கும்போது நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. பழகாத தசையில் இதுதான் வலியையும் நடுக்கத்தையும் கொடுக்கும். மழையில் வழுக்கும் கல் பாவிய பாதையில் கணுக்கால் பிசகுவதும் பெரும்பாலும் இந்தக் களைப்பில்தான். கீழே பறப்பதால் மலை நோய் ஆபத்து இல்லை, காது அடைக்கும், அவ்வளவுதான்.

வானிலை இரண்டாவது காரணம். ஏறுவதற்கு ஹெலிகாப்டரை நம்பி மேகம் அடைத்துவிட்டால் கோவிந்த்காட்டில் ஒரு நாள் போய்விடும், மலையில் வைத்த நாட்களும் குறையும். இறங்கும்போது ரத்தானால் கைத்தடியை எடுத்துக்கொண்டு 3, 4 மணி நேரத்தில் நடந்து வந்துவிடலாம். பயணம் கெடாது. இந்தப் பள்ளத்தாக்குகளில் விமானி கண்ணால் பார்த்துத்தான் ஓட்டுகிறார். வெயில் ஏற ஏற மேகம் திரளும் என்பதால் காலை நேரச் சீட்டையே கேளுங்கள். மேகமாக இருக்கும்போது கிளப்பச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். கேதார்நாத் தடத்தில் 2022 அக்டோபர் 18, 2025 ஜூன் 15 ஆகிய நாட்களில் விழுந்த ஹெலிகாப்டர்கள் ஒவ்வொன்றிலும் ஏழு பேர் உயிரிழந்தார்கள்.

எந்த மாதம் என்பதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பூக்கள் உச்சத்தில் இருப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை, சரியாக நம் ஆடி மாதம். இங்கே காய்ந்த காற்று வீசும் அந்த நாட்களில் அங்கே அடைமழை. ஹெலிகாப்டர் நிற்பதும் சாலையில் மண் சரிவதும் அப்போதுதான். பூவுக்காகப் போகிறவர்கள் இரு வழியும் நடக்கத் தயாராகவே போக வேண்டும். ஹெலிகாப்டர் கட்டாயம் வேண்டும் என்றால் செப்டம்பர் முதல் பாதி பொருத்தம், பூ குறைந்திருந்தாலும் வானம் தெளியத் தொடங்கும். விசைப்படகுத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பள்ளத்தாக்கு ஜூன் 1 அன்றுதான் திறக்கிறது, அப்போது பனிக்கட்டி அதிகம், பூ சொற்பம்.

அந்த ஓய்வு நாட்களுக்குப் பொருந்துவது கேதார்நாத்தான், ஆனால் அங்கே பறப்பது இன்னும் கடுமை. பாட்டா போன்ற தாழ்வான தளங்களிலிருந்து 3,583 மீட்டருக்குச் சில நிமிடங்களில் தூக்கிவிடுகிறார்கள். கௌரிகுண்டிலிருந்து நடந்தால் 16 கிலோமீட்டர். ஹெலிகாப்டர் சீட்டு ஐஆர்சிடிசி-யின் ஹெலியாத்ரா தளத்தில். யாத்திரைப் பதிவு இல்லாமல் கிடைக்காது. தரிசனம்தான் நோக்கம் என்றால் போகலாம். நண்பர்களோடு மலையில் நடந்து திரியத்தான் ஆசை என்றால் காங்கரியாவே மேல்.

உச்சிப்புளி ஐஎன்எஸ் பருந்து கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மலையில் ஏன் ஒவ்வொரு கிலோவையும் நிறுக்கிறார்கள் என்பது புதிராக இருக்கும். கடலோரக் காற்று அடர்த்தியானது. உயரத்தில் காற்று மெலிந்து இறக்கையின் தூக்குவிசையும் இயந்திரத்தின் ஆற்றலும் குறைவதால் ஏற்றும் எடையையும் குறைத்தே ஆக வேண்டும். கேதார்நாத்தில் கைப்பை 2 கிலோ, ஆள் 80 கிலோவுக்கு மேல் போனால் கூடுதல் கட்டணம். ஐந்தாறு பேர்தான் ஏற முடியும், அதுவும் எடை பார்த்துத்தான் உட்கார வைப்பார்கள். எட்டுப் பேர் போனால் குழு இரண்டாகப் பிரியும். ஹெலிகாப்டரின் முதல் ட்ரிப் போனபின் மேகம் மூடினால் மீதிப் பேர் மறுமுனையில் நிற்பார்கள். ஆகவே பணம், மருந்து, அசல் ஆதார், மழைக்கோட்டு எல்லாம் அவரவர் பையிலேயே இருக்கட்டும். ஒருவர் பொறுப்பில் விடாதீர்கள். வழிகாட்டி எந்த ட்ரிப்பில் வருகிறார் என்பதை முந்தைய இரவே பேசி முடியுங்கள். மலை நோய்க்குறி தெரிந்த ஒருவராவது மற்ற ட்ரிப்பில் இருக்க வேண்டும்.

கோவேறு கழுதையும் ஒரு வழிதான். ஹெலிகாப்டரைவிட மலிவு, ஆனால் இறக்கத்தில் சேணத்தில் உட்கார்ந்து வருவது நடப்பதைவிடச் சிரமம். பை சுமக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குக்குள் கழுதைக்கு அனுமதி இல்லை, இரவு தங்கவும் முடியாது.

இரண்டு நாள் விடுப்புதான் என்றால் வடக்கே போகவே வேண்டாம். போடிக்கு மேலே குரங்கணி–சாம்பலாறு தடம் வனத்துறையின் வழிகாட்டியோடு கிடைக்கிறது. பறக்கும் செலவு இல்லை, மலை நோய்க்கும் இடமில்லை. 2018 மார்ச் 11 காட்டுத்தீக்குப் பிறகு அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. கோடையில் தடம் மூடியிருக்கும், மூடியே இருக்கவும் வேண்டும்.

எந்த வழியானாலும் இரண்டு வேலைகளை ஊரிலேயே முடித்துவிடுங்கள். தனுஷ்கோடி மணலில் நடப்பது கெண்டைக்காலுக்கு நல்லது, ஆனால் இறக்கத்துக்கு உதவாது. ஆறு வாரத்துக்கு முன்பே மாடிப்படியில் பையோடு இறங்கிப் பழகுங்கள், இடையில் ஒருமுறை அழகர்மலையில் ஏறி இறங்கி வாருங்கள். அடுத்தது ஷூ. நம் கரையின் ஈரக்காற்றில் வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்த ஷூவின் பாலியூரித்தேன் அடிப்பாகம் உள்ளுக்குள்ளேயே சிதைந்திருக்கும், வெளியே புதிதாகத் தெரியும், மழைப்பாதையில் முதல் நாளே வாய் பிளக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் பொடியாகிறதா என்று பாருங்கள். பிறகு, பொடியாகாத ஷூவைப் போட்டுக்கொண்டே 30 கிலோமீட்டராவது நடந்துவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டும்.